பௌதிக ஆசிரியர் பெறவேண்டிய மூன்றாவது கல்வி

பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்ற ஒருவர், அதன்மேல் போதனா முறையிலும் ஒரு பட்டம் பெற்றுவிட்டால், உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பிப்பதற்கு வேண்டிய தகுதி முழுவதும் அவருக்கு வந்து சேர்ந்துவிடுகிறது என்ற கொள்கையின்மீதுதான் நம் நாட்டு ஆசிரியப் பயிற்சி நூறாண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகிறது. கலைக் கல்லூரி சாஸ்திரத்தைத் தருகிறது; கல்வியியல் கல்லூரி முறையைத் தருகிறது; இரண்டையும் பெற்றவர் வகுப்பறைக்குள் நுழைகிறார். பார்வைக்கு ஒழுங்காகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில், சாஸ்திரமும் முறையும் எந்த இடத்தில், யாருடைய மேற்பார்வையில், எந்தப் பாடத்தை முன்னிட்டு ஒன்றுசேர்கின்றன என்று வினவினால் விடை கிடைப்பது அரிது. அவை ஆசிரியரின் மனத்தில் தாமாகவே ஒன்றுசேர்ந்துவிடும் என்று நாம் நம்பியிருக்கிறோம். சென்ற நாற்பது ஐம்பது ஆண்டுகளில் பௌதிகக் கல்வியைப் பற்றி நடந்த ஆராய்ச்சிகள் இந்நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்று காட்டுகின்றன. பௌதிகம், போதனா முறை ஆகிய இரண்டினும் வேறான மூன்றாவது கல்வி ஒன்று உண்டென்பதையும், அதற்கு நம் பயிற்சித் திட்டத்தில் உரிய இடமோ அதைப் பேணும் பொறுப்புடையவரோ இல்லை என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு கல்லூரிகளும் இடைவெளியும்

இவ்வேற்பாட்டின் தொடக்கத்தை அறிவதற்கு நாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குச் செல்லவேண்டும். 1854-ஆம் ஆண்டில் வெளிவந்த வுட்டின் கல்வி அறிக்கை, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளிகள் மாகாணந்தோறும் ஏற்படவேண்டும் என்று வற்புறுத்திற்று. அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1856-இல், சென்னையில் அரசாங்க நார்மல் பள்ளி தோன்றியது. அதுவே பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்து, தென்னாட்டு உபாத்தியாயர்களில் பல தலைமுறையினருக்குப் பயிற்சிக்களமாக விளங்கியது. பட்டதாரிகள் ஓராண்டு பயின்று பெற்ற எல்.டி. என்னும் தகுதி, காலப்போக்கில் பி.டி. ஆகி, அதன்பின் பி.எட். ஆயிற்று. பெயர் மாறியதேயன்றி, சாஸ்திரக் கல்வி முற்றுப்பெற்ற பிறகு, வேறோர் இடத்தில், வேறொரு போதகர் குழுவினிடம் கற்பிக்கும் முறையைக் கற்றுக்கொள்வது என்ற அடிப்படை மாறவில்லை.

இதிலுள்ள குறையை நம் கல்வியாளர்கள் காணாமல் இருந்தார்கள் என்று சொல்ல இயலாது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் பணியாற்றிய ஆ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பட்டதாரிகளுக்குரிய ஓராண்டுப் பயிற்சியை நாளடைவில் ஈராண்டாக நீட்டவேண்டும் என்று அபிப்பிராயம் கூறியது. நாடு முழுவதற்கும் அது விதியாக வந்தது 2014-இல், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் ஒழுங்குமுறைகளால்; யோசனைக்கும் நிறைவேற்றத்திற்கும் இடையே அறுபது ஆண்டுகள் கழிந்தன. 1964 முதல் 1966 வரை பணிபுரிந்த கல்விக் குழுவின் தலைவர் டி. எஸ். கோத்தாரி, தாமே ஒரு பௌதிக விஞ்ஞானி. ஆசிரியப் பயிற்சி நிலையங்கள் பல்கலைக்கழக வாழ்விலிருந்து ஒதுங்கியும், பள்ளிகளிலிருந்து ஒதுங்கியும், தமக்குள் ஒன்றையொன்று ஒதுங்கியும் நிற்கின்றன என்றும், இத்தனிமையே அவற்றின் பெருங்குறை என்றும் அவருடைய குழு கண்டது. அதற்குச் சற்று முன்பே, 1963-இல், ஆஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு நகரங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் நிறுவப்பட்டிருந்தன. சாஸ்திரத்தையும் போதனையையும் ஒரே கூரையின்கீழ் நான்கு ஆண்டுகள் சேர்த்துக் கற்பித்து, அருகிலேயே ஒரு மாதிரிப் பள்ளியையும் வைத்து நடத்திய அக்கல்லூரிகள் நல்ல வழியைக் காட்டினவெனினும், நாட்டின் பெருவாரியான ஆசிரியர்கள் பழைய இரட்டை வழியிலேயே வந்துகொண்டிருந்தனர். ஒருங்கிணைந்த நான்காண்டுப் பட்டத்தையே 2030-க்குள் குறைந்தபட்சத் தகுதியாக்கவேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மீண்டும் சொல்வதிலிருந்தே, இடைப்பட்ட காலத்தில் எவ்வளவு நகர்ந்திருக்கிறோம் என்பதை ஊகிக்கலாம்.

தமிழ்நாட்டில் இன்று பி.எட். வகுப்பில் சேரும் பௌதிகப் பட்டதாரி ஒருவர் எவற்றைக் கற்கிறார் என்று பார்ப்போம். குழந்தை வளர்ச்சி, கல்வி உளவியல், கல்வியும் சமுதாயமும், மதிப்பீடு முதலிய பொதுப்பாடங்கள் ஒருபுறம். ‘பௌதிக அறிவியல் கற்பித்தல்’ என்ற சிறப்புப் பாடம் மறுபுறம். இச்சிறப்புப் பாடம் பௌதிகப் பட்டதாரிக்கும் இரசாயனப் பட்டதாரிக்கும் பொதுவானது. கற்பித்தலின் நோக்கங்களை வகைப்படுத்தல், பாடக்குறிப்பு எழுதுதல், நுண்ணிலைக் கற்பித்தல், துணைக்கருவிகள் தயாரித்தல், வினாத்தாளுக்குத் திட்ட வரைவு அமைத்தல் ஆகியவை அதன் உட்பிரிவுகள். முதலாண்டில் நான்கு வாரமும் இரண்டாமாண்டில் பதினாறு வாரமுமாக இருபது வாரங்கள் பள்ளித் தொடர்புக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. இவற்றுள் எதுவும் பயனற்றது என்று கூறுவதற்கில்லை; சில வாரக் கற்பித்தல் பயிற்சியோடு அமைந்த பழைய ஓராண்டுத் திட்டத்தைக் காட்டிலும் இது மேலானது. ஆயினும் பாடக்குறிப்பின் படிவத்தை நிரப்பக் கற்பிக்கும் அவ்வகுப்பில், மின்னோட்டத்தைப் பற்றிய பாடம் எழுதினாலும் மண்ணரிப்பைப் பற்றிய பாடம் எழுதினாலும் படிவம் ஒன்றே. பௌதிகம் முன்பே தெரிந்ததாகக் கொள்ளப்படுவதால், அதைத் திரும்பத் திறந்து பார்ப்பதற்கு அங்கே காலமும் இல்லை, ஆளும் இல்லை.

தேர்வு முறையும் இவ்விடைவெளியை நிரப்பவில்லை. ஆறு முதல் எட்டு வகுப்பு வரை கற்பிப்பதற்குரிய ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150 வினாக்கள் உண்டு. அவற்றுள் கணிதத்திற்கும் அறிவியலுக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டவை 60. பௌதிகத்தின் பங்கு அவ்வறுபதில் ஒரு சிறு கூறே. அதுவும் கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் ஒன்றைத் தேரும் வகையினது. மேலும், நம் அரசுப் பள்ளிகளில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மட்டுமே பௌதிகத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற ஆசிரியர் வருகிறார். பத்தாம் வகுப்பு வரை அறிவியல் ஒரே பாடம். அதைக் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர் பௌதிகம் பயின்றவராகவும் இருக்கலாம், தாவரவியலோ விலங்கியலோ பயின்றவராகவும் இருக்கலாம். இயக்க விதிகள், ஒளியியல், வெப்பம், மின்னோட்டவியல், ஒலி, அணுக்கரு என்று பத்தாம் வகுப்பில் வரிசையாக வரும் பௌதிகப் பகுதிகளை, பள்ளிப்பருவத்துக்குப் பின் அவற்றைத் தொட்டே பாராத ஒருவர் கற்பிக்க நேர்வது நம் பள்ளிகளில் அபூர்வமன்று.

மாணாக்கர் மனத்திலுள்ள பௌதிகம்

மூன்றாவது கல்வி என்று நாம் குறிப்பிட்டது யாதென விளக்குவதற்கு, ஆராய்ச்சியாளர் கையாண்ட இரண்டு வினாக்களைச் சற்று விரிவாகவே நோக்குதல் தகும்.

ஒரு நாணயத்தை நேர்மேலாகச் சுண்டி எறிகிறோம். அது கையை விட்டு நீங்கி மேலே சென்றுகொண்டிருக்கும்போது அதன்மீது செயற்படும் விசைகள் யாவை? காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், புவியீர்ப்பு ஒன்றே, அதுவும் கீழ்நோக்கியது. ஜான் கிளெமெண்ட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் பொறியியல் மாணாக்கரிடம் இதைக் கேட்டு 1982-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பெரும்பான்மையோர் மேல்நோக்கிய விசையொன்றையும் படத்தில் சேர்த்து வரைந்தனர்; இயந்திரவியல் பாடத்தை முடித்தவர்களிடத்தும் இப்பிழை மிகுதியாகவே காணப்பட்டது. நாணயம் மேலே போகிறதென்றால் அதை மேலே செலுத்தும் விசை ஒன்று அதனிடம் இருந்துதானே ஆகவேண்டும், அது சிறுகச் சிறுகத் தீர்ந்துபோகும்போது நாணயம் திரும்பி விழுகிறது என்பது அவர்கள் கொண்ட நியாயம். பிரெஞ்சு நாட்டு லாரன்ஸ் வியன்னோ 1979-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் பல்கலைக்கழக மாணாக்கரிடம் இதே போக்கைக் கண்டது. இது சோம்பலால் வந்த பிழையன்று. தள்ளுவதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுகிற, மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் ஓய்ந்துவிடுகிற, உராய்வு நிறைந்த உலகத்தில் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தவர், தம் அநுபவத்திலிருந்து நேர்மையாகத் திரட்டிக்கொண்ட கொள்கை அது. நியூட்டனுக்கு முற்பட்ட பேரறிஞர் பலரும் அதனையொத்த கொள்கையையே கொண்டிருந்தனர். அத்தகைய வேரூன்றிய கொள்கையைக் கரும்பலகையில் எழுதப்படும் ஒரு சூத்திரம் பெயர்த்துவிடாது. மாணாக்கர் சூத்திரத்தைப் பரீட்சைக்கும் கொள்கையை வாழ்க்கைக்குமாக வைத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் காப்பாற்றிக்கொள்கின்றனர்.

இரண்டாவது வினா மின்னோட்டத்தைப் பற்றியது. ஒரே மாதிரியான ஐந்து பல்புகளும், அகத்தடை இல்லை எனக் கொள்ளத்தக்க மூன்று மின்கலங்களும் இருக்கின்றன. முதற்சுற்றில் ஒரு பல்பு தனியாகவும், இரண்டாவதில் இரு பல்புகள் தொடரிணைப்பிலும், மூன்றாவதில் இரு பல்புகள் பக்க இணைப்பிலும் அமைந்துள்ளன. ஐந்தையும் ஒளியின் அளவுப்படி வரிசைப்படுத்துக என்பது வினா. தனிப் பல்பும் பக்க இணைப்பிலுள்ள இரண்டும் சமமாக ஒளிரும். தொடரிணைப்பிலுள்ள இரண்டும் அவற்றினும் மங்கி, தமக்குள் சமமாக இருக்கும். கணக்கு எதுவும் வேண்டாத இவ்வினாவை, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டர்மட் தலைமையில் இயங்கிய பௌதிகக் கல்வி ஆராய்ச்சிக் குழுவினர் நெடுங்காலம் பலரிடமும் கேட்டுவந்தனர். பல்கலைக்கழகத்தில் பௌதிகத் தொடக்கப்பாடம் பயின்ற மாணாக்கருள் சரியான விடையும் காரணமும் தந்தவர் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேரே. உயர்நிலைப் பள்ளிப் பௌதிக ஆசிரியரிடமும் பிற விஞ்ஞானத் துறைப் பேராசிரியரிடமும் கேட்டபோதும் விகிதம் ஏறத்தாழ அதுவாகவே இருந்தது. பௌதிகத்தில் மேற்பட்டப் படிப்புப் பயின்றுகொண்டே கற்பித்துவந்த துணைப் போதகருள்ளும் நூற்றுக்கு 70 பேர் அளவிலேயே சரியாக விடை கூறினர்.

பிழையான விடைகள் கண்டபடி சிதறியிருக்கவில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது. அவை பெரும்பாலும் இரண்டு கொள்கைகளிலிருந்து பிறந்தன. மின்னோட்டம் பல்பில் செலவாகிவிடுகிறது, ஆகவே தொடரிணைப்பில் முதற்பல்பு பிரகாசமாகவும் அடுத்தது மங்கலாகவும் இருக்கும் என்பது ஒன்று. மின்கலம் எந்தச் சுற்றானாலும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தருகிறது, ஆகவே பக்க இணைப்பிலுள்ள இரு பல்புகளும் அதைப் பங்கிட்டுக்கொண்டு மங்கும் என்பது மற்றொன்று. மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்தும் வீட்டில் வளரும் மாணாக்கர், மின்சாரம் என்பது செலவாகும் பொருள் என்று எண்ணுவதில் வியப்பில்லை. ஓம் விதியைப் பிழையின்றி எழுதவும், மூன்று மின்தடைகளின் தொகுபயனைக் கணக்கிடவும் வல்ல ஒருவர், இக்கொள்கைகள் இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டே அவற்றைச் செய்துமுடிக்கலாம். கணக்கின் விடை அவற்றைக் காட்டிக்கொடுப்பதில்லை.

மூன்றாவது கல்வியின் இயல்பு

லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1985-இல் ஆற்றி, அடுத்த ஆண்டு அச்சேறிய ஒரு தலைமையுரையில், ஆசிரியருக்குரிய ஞானத்தைப் பாடப்பொருள் ஞானம் என்றும் பொதுவான போதனா ஞானம் என்றும் இரண்டாகப் பிரித்து நிறுத்திவிடும் வழக்கத்தைக் கண்டித்து, இவ்விரண்டும் கலந்து ஒரு புதிய தன்மை பெற்ற, கற்பிப்பவருக்கே உரிய பாடப்பொருள் ஞானம் ஒன்று உண்டென்று வாதித்தார். அவருடைய கருத்தைப் பௌதிகத்துக்குப் பொருத்திப் பார்த்தால் மூன்றாவது கல்வியின் உள்ளடக்கம் தெளிவாகிறது.

மின்னோட்டப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். மேற்கூறிய இரண்டு கொள்கைகளும் வகுப்பில் இருக்கும் என்று ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். அவற்றை வெளிப்படுத்தும் வினாவை அவர் கைவசம் வைத்திருக்கவேண்டும். வெளிப்பட்ட கொள்கை தன் முரண்பாட்டைத் தானே காணும்படி செய்யும் பரிசோதனையும் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். பல்புக்கு முன்னும் பின்னும் அம்மீட்டரை இணைத்து, இரு அளவுகளும் சமமாக இருப்பதை மாணாக்கரே காணச் செய்வது முதற்கொள்கையை அசைக்கும். பக்க இணைப்பில் ஒரு பல்பைக் கழற்றி, மற்றதன் ஒளி மாறாமலிருப்பதைக் காட்டுவது இரண்டாவதை அசைக்கும். மின்னோட்டத்தைப் பற்றிய ஒரு மனச்சித்திரம் உறுதிப்பட்ட பிறகே தடைக்கும், தடை விளங்கிய பிறகே மின்னழுத்த வேறுபாட்டுக்கும் செல்வது நலமா, அன்றிப் பாடநூலின் வரிசையே போதுமா என்று நிதானிக்கும் ஆற்றலும் அவருக்கு வேண்டும். இவற்றுள் எதுவும் எம்.எஸ்ஸி. வகுப்பின் மின்காந்தவியல் நூலில் இல்லை; கல்வி உளவியல் நூலிலும் இல்லை. பாடம் மாறினால் இவை யாவும் மாறும். ஒளியியலுக்கு வேறு முன்கொள்கைகள், வேறு வினாக்கள், வேறு பரிசோதனைகள், வெப்பத்துக்கு வேறு. ஆகையால் இதனைப் பொது விதிகளாகச் சுருக்கி ஒரு பருவத்தில் கற்பித்துவிட இயலாது. பாடம் பாடமாகவே கற்கவேண்டும்.

சியாட்டிலும் அரிசோனாவும்

இவ்வகைக் கல்வியை ஆசிரியருக்கு அளிப்பது எவ்வாறு என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் சிறந்தவை.

முதலாவது, சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம். அங்கே ஆர்னால்ட் ஆரன்ஸும் அவருடன் சேர்ந்து மெக்டர்மட்டும் 1970-களின் தொடக்கத்திலிருந்து, ஆசிரியராக விரும்புவோருக்கென்றே பிரத்தியேகமான பௌதிக வகுப்புகளைப் பௌதிகத் துறைக்குள்ளேயே நடத்தினர். ஆசிரியருக்குப் பௌதிக மேற்படிப்பு மட்டும் போதாது, அவர் கற்பிக்கப்போகும் பாடங்களையே ஆழமாக மீண்டும் பயிலும் தனி வகுப்புகள் வேண்டும் என்பது மெக்டர்மட் தம் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய கொள்கை. அவ்வகுப்புகளிலிருந்து உருவான இரு தொகுதிப் பயிற்சி நூல் 1996-இல் வெளிவந்தது. அதன்படி நடக்கும் வகுப்பில் விரிவுரை இல்லை. பயிற்சி பெறுபவர் கையில் ஒரு மின்கலம், ஒரு பல்பு, ஒரே ஒரு கம்பி ஆகியவற்றைத் தந்து பல்பை எரியச் செய்யுமாறு கூறுவதோடு மின்னோட்டப் பாடம் தொடங்குகிறது. பட்டதாரிகளும் முதலில் தடுமாறும் அச்செயலிலிருந்து படிப்படியாக, கண்டதை எழுதி, அதிலிருந்து ஒரு விதியை ஊகித்து, அவ்வூகத்தைப் புதிய சுற்றில் சோதித்து, மின்னோட்டத்தின் இலக்கணத்தை அவர்களே கட்டி எழுப்புகின்றனர். போதகர் விடை கூறுவதில்லை, ‘எப்படித் தெரியும்?’ என்றே மேலும் வினவுகிறார். தாம் பின்னர் எவ்வாறு கற்பிக்கவேண்டுமோ அவ்வாறே தாமும் கற்கும் வாய்ப்பு ஆசிரியருக்கு இங்கே கிடைக்கிறது.

இரண்டாவது எடுத்துக்காட்டு ஒரு பள்ளி ஆசிரியரைப் பற்றியது. அரிசோனா மாகாணப் பல்கலைக்கழகத்தில் இப்ராஹிம் ஹலூனும் டேவிட் ஹெஸ்டனிஸும், விசையையும் இயக்கத்தையும் பற்றிய அன்றாடக் கொள்கைகளைத் தவறான விடைகளாக அமைத்து ஒரு சோதனைத்தாளை உருவாக்கி, அதன் முடிவுகளை 1985-இல் வெளியிட்டனர். அப்பகுதியில் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பித்துவந்த மால்கம் வெல்ஸ் அச்சோதனையைத் தம் மாணாக்கருக்கு வைத்துப் பார்த்தார். பாடப்பொருளில் தேர்ச்சியும் பரிசோதனையில் ஆர்வமும் உடைய அவர், விரிவுரையை நம்பாமல் சோதனைச்சாலையை மையமாக வைத்தே கற்பித்துவந்தவர். இருந்தும் அவருடைய மாணாக்கர் பெற்ற மதிப்பெண்கள் அவரைத் திடுக்கிடச் செய்தன. பரிசோதனை செய்தால் மட்டும் போதாது, மாணாக்கர் தம் கருத்தை வெளிப்படையாகக் கூறி, பிறர் முன்னிலையில் அதற்கு நியாயம் காட்டி, பரிசோதனையின் விளைவோடு அதை ஒத்துப்பார்க்கும் வாய்ப்பு வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஹெஸ்டனிஸின் மேற்பார்வையில் அதையே ஆராய்ந்து 1987-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மாணாக்கர் சிறு குழுக்களாகத் தம் வரைபடங்களையும் விளக்கங்களையும் வெண்பலகைகளில் எழுதி வகுப்பின் முன் வைத்து வாதிப்பது அவருடைய முறையின் முக்கிய அம்சம். 1992-இல் அச்சோதனைத்தாள் திருத்தம் பெற்று, விசைக் கருத்துச் சோதனை என்று உலகெங்கும் அறியப்பட்டபோது, அதை வெளியிட்ட மூவருள் ஹெஸ்டனிஸ் ஒருவரே பேராசிரியர். வெல்ஸும் கிரெக் ஸ்வாக்ஹேமரும் பள்ளி ஆசிரியர்கள். அம்முறையை மற்ற ஆசிரியருக்குக் கற்பிக்க ஏற்பட்ட கோடைப் பயிற்சி முகாம்கள் சில வாரங்கள் நீடிப்பவை. அவற்றில் ஆசிரியர்கள் மாணாக்கரின் இடத்தில் அமர்ந்து, மாணாக்கர் கூறக்கூடிய தவறான வாதங்களையும் தாமே எடுத்துக் கூறி, பாடம் முழுவதையும் நடத்திப் பார்க்கின்றனர்.

இம்முறைகளின் பயனை அளந்தறியும் முயற்சியும் நடந்திருக்கிறது. ரிச்சர்ட் ஹேக் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலைப் பள்ளிகளும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களுமாக 62 வகுப்புகளைச் சேர்ந்த 6,542 மாணாக்கரின் முடிவுகள் தொகுக்கப்பட்டன. பாடத்துக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் சோதனை வைத்து, அடையக்கூடிய முன்னேற்றத்தில் எத்தனை பங்கு அடையப்பட்டது என்று கணக்கிட்டபோது, வழக்கமான விரிவுரை வகுப்புகளின் சராசரி 0.23 ஆகவும், மாணாக்கர் வாதித்தும் செய்தும் கற்ற வகுப்புகளின் சராசரி 0.48 ஆகவும் இருந்தன. இரண்டாம் வகை வகுப்பை நடத்துவதற்கு வேண்டிய திறமை பயிற்சியின்றி வருவதில்லை என்பது வெல்ஸின் அநுபவத்தாலேயே விளங்கும்.

ஹோஷங்காபாத்தின் பாடம்

இவையெல்லாம் செல்வ நாடுகளுக்கு ஏற்றவை, நமக்கு ஒவ்வாதவை என்று கருதுவோர், மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் நிகழ்ந்ததை நினைவு கூரவேண்டும். கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரு தொண்டு நிறுவனங்களின் முயற்சியால் 1972-இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் போதனைத் திட்டமொன்று தொடங்கிற்று; 1978-இல் அது மாவட்டம் முழுவதற்கும் பரவியது. டெல்லி பல்கலைக்கழகத்தையும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தையும் சேர்ந்த விஞ்ஞானிகள் கிராமப் பள்ளி ஆசிரியரோடு ஒன்றாக அமர்ந்து பாடங்களை வகுத்தனர். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு வகுப்புக்கும் மும்மூன்று வாரக் கோடைப் பயிற்சி நடந்தது. அதில் ஆசிரியர்கள் தாம் நடத்தவிருக்கும் பரிசோதனை ஒவ்வொன்றையும் தம் கையாலேயே செய்தனர். அதன்பின் மாதந்தோறும் கூடி, வகுப்பில் எது நடந்தது, எந்தப் பரிசோதனை விளைவு தரவில்லை, குழந்தைகள் எதிர்பாராத எந்த வினாவை எழுப்பினர் என்று விவாதித்தனர். அவ்விவாதங்களிலிருந்து பாடநூல்கள் திருத்தம் பெற்றன. நூலைத் திறந்துவைத்தே எழுதும் தேர்வும், செய்முறைத் தேர்வும் திட்டத்தின் அங்கங்களாக இருந்தன. முப்பது ஆண்டுகள் நடந்த இத்திட்டம் 2002-இல் அரசாங்கத்தால் நிறுத்தப்பட்டது. எனினும், விலையுயர்ந்த கருவிகள் இன்றியும், விஞ்ஞானப் பட்டம் பெறாத ஆசிரியர்களைக் கொண்டும், மூன்றாவது கல்வியை நம் கிராமங்களிலேயே வழங்க இயலும் என்பதை அது மெய்ப்பித்தது. கோடைப் பயிற்சியும் மாதக் கூட்டமும் ஒன்றையொன்று தாங்கி நின்றதே அதன் பலம். நம்முடைய பணியிடைப் பயிற்சிகள் பலவற்றில் ஓரிரு நாள் கூட்டத்தோடு தொடர்பு அறுந்துவிடுகிறது.

பொறுப்பு யாருடையது?

ஹோஷங்காபாத்திலும் சியாட்டிலிலும் பொதுவாகக் காணப்படும் ஓர் அம்சம், பௌதிக விஞ்ஞானிகள் பள்ளிப் பௌதிகத்தைத் தம் கவனத்துக்குரிய விஷயமாக ஏற்றுக்கொண்டது. பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் பௌதிக ஆசிரியருக்குரிய பயிற்சியின் பெரும்பகுதியைப் பௌதிகத் துறையிலேயே வைத்திருக்கிறது. கற்பித்தல் பயிற்சி அதற்கென அமைந்த பயிற்சிப் பள்ளிகளில் நடைபெறுகிறது. அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் யூஜினியா எட்கினா வகுத்த திட்டத்தில், பௌதிகம் கற்பித்தலைப் பற்றி மட்டுமே ஆறு பாடங்கள் இருக்கின்றன. ஆனால் இவை அந்நாடுகளிலும் எங்கும் பரவிய வழக்கமல்ல. அமெரிக்கப் பௌதிகத் துறைகளுள் மிகச் சிலவே ஆசிரியப் பயிற்சியில் ஈடுபடுகின்றன என்று அந்நாட்டுப் பௌதிகக் கழகங்கள் அமைத்த குழுவொன்று 2012-இல் வருந்திக் கூறியது. ஆராய்ச்சியால் புகழ் பெறும் துறைக்கு, பத்தாம் வகுப்பு மாணாக்கரின் மனத்தில் மின்னோட்டம் எப்படி விளங்குகிறது என்பது அற்ப விஷயமாகத் தோன்றுவது எல்லா நாட்டுக்கும் பொது.

இங்கே எழக்கூடிய ஆட்சேபங்கள் சில. பாடப்பொருள் ஞானம் வலுவாக இருந்தால் மற்றவை தாமே வரும் என்பது ஒன்று. ஐந்து பல்பு வினாவில் துணைப் போதகர் ஆசிரியரைவிட வெகுவாக மேம்பட்டு நின்றதைப் பார்த்தால், ஞானத்தின் வலிமை பயனற்றது என்று யாரும் சொல்லத் துணியார். ஆயினும் அவர்களுள்ளும் பத்தில் மூவர் தவறினர் என்பதும், சரியாக விடை கூறியவருக்கும் தவறான விடையின் காரணத்தைக் கண்டு திருத்தும் வழி தானாகவே தெரிந்துவிடுவதில்லை என்பதும் உண்மை. பொதுத்தேர்வு வரையறைகளையும் சூத்திரங்களையும் கேட்கும்போது, வேறு வகையில் கற்பிக்கும் ஆசிரியர் தனித்து நிற்பார் என்பது மற்றோர் ஆட்சேபம். இதற்கு எளிய மறுமொழி இல்லை. தேர்வு மாறாமல் பயிற்சி மட்டும் மாறினால், பயின்றவர் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில் பழைய வழக்கத்துக்குத் திரும்பக்கூடும். ஹோஷங்காபாத் திட்டத்தினர் தேர்வையும் சேர்த்தே மாற்றியதன் காரணம் அதுவே.

நம் நாட்டில் உடனடியாகச் செய்யத்தக்கவை உண்டு. பி.எஸ்ஸி. பௌதிக மூன்றாமாண்டில், ஆசிரியராக விரும்புவோருக்கெனப் பள்ளிப் பௌதிகத்தைச் சோதனைச்சாலையில் மீளக் கற்கும் விருப்பப் பாடம் ஒன்றைப் பௌதிகத் துறையே நடத்தலாம். பி.எட். வகுப்பில் பௌதிகத்தையும் இரசாயனத்தையும் பிரித்து, பொதுப் படிவங்களுக்குப் பதிலாக இயக்கம், மின்னோட்டம், ஒளி, வெப்பம் என்ற பாடங்களையே அச்சிறப்புப் பாடத்தின் அலகுகளாக வைக்கலாம். பதினாறு வாரப் பள்ளிப் பயிற்சியில் பயிற்சி மாணவர் ஏதேனும் ஒரு பாடப்பகுதியைத் தேர்ந்து, கற்பிப்பதற்கு முன்னும் பின்னும் மாணாக்கரின் கருத்தை வினாக்களால் அறிந்து, சிலரோடு தனியே உரையாடி, கண்டதை எழுதி, வழிகாட்டி ஆசிரியரோடு விவாதிக்கவேண்டும் என்று விதிக்கலாம். ரெகார்டு நோட்டின் பக்கங்களை நிரப்புவதைக் காட்டிலும் அது அவருக்கு மிகுதியாகப் பயன்படும். கல்லூரியில் ஆங்கிலத்தில் பௌதிகம் பயின்று, பள்ளியில் தமிழில் கற்பிக்கவிருப்போருக்கு, மாணாக்கரின் மொழியிலேயே அவர்தம் நியாயத்தைக் கேட்டறியும் இப்பழக்கம் இன்றியமையாதது. தாவரவியலும் விலங்கியலும் பயின்று பத்தாம் வகுப்புப் பௌதிகத்தைக் கற்பிப்போருக்கு, மூன்று வாரக் கோடைப் பயிற்சியும் அதைத் தொடரும் மாதக் கூட்டங்களும் வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெரும்பொருட் செலவை வேண்டுவதன்று. மின்கலமும் பல்பும் கம்பியும் எந்த ஊரிலும் கிடைக்கும். கிடைக்காதது, இவ்வேலையைத் தன்னுடையதென்று ஏற்றுக்கொள்ளும் ஸ்தாபனம். கல்வியியல் கல்லூரி அதைப் பௌதிகத் துறையின் வேலை என்று கருதுகிறது; பௌதிகத் துறையோ அதைக் கல்வியியல் கல்லூரியின் வேலை என்று கருதுகிறது. ஆசிரியர் தேர்வுத் தாளில், ஒரு மாணாக்கர் எழுதிய தவறான விடையைக் கொடுத்து, அவர் என்ன எண்ணி அவ்வாறு எழுதினார், அடுத்து அவருக்கு எந்தப் பரிசோதனையைக் காட்டுவீர் என்று கேட்கும் வினா ஒன்று கட்டாயமாக இடம்பெறுமானால், அதற்குத் தயார் செய்யும் பொறுப்பை இரு துறைகளும் தட்டிக்கழிக்க இயலாது. தேர்வுக்குரியதே கற்பிக்கப்படும் நம் நாட்டில், மூன்றாவது கல்வி பயிற்சித் திட்டத்துள் நுழைவதற்கு இதுவே விரைவான வழி எனலாம்.